பிங்க் ஃபிளாய்ட்: முதலில் எந்த ஆல்பம்?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் இரண்டு ஆல்பங்கள்: 1973இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1979இல் வந்த 'தி வால்'. புதிதாகக் கேட்க வருபவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

நேரம்: முன்னது ஒரே இசைத்தட்டு, சுமார் 43 நிமிடம். பின்னது இரட்டைத் தட்டு, 80 நிமிடத்தைத் தாண்டும்.

குழு: முன்னதில் நால்வரின் கையும் தெரியும். பின்னது பெரும்பாலும் குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ் சொல்லும் கதை. அந்தப் பதிவின்போதுதான் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டை விலக்கினார்கள். எனக்கு இன்றும் அது வருத்தம்தான்.

ஒலி: டார்க் சைட் இதயத்துடிப்பில் தொடங்கி அதிலேயே அடங்கும். 'மணி' (Money, பணம்) பாட்டை ஹெட்போனில் கேளுங்கள்: சில்லறை குலுங்குவதும் கல்லாப்பெட்டி திறப்பதும் ஏழு எண்ணிக்கைத் தாளமாகவே ஓடும்! தி வாலில் கதைதான் முன்னே நிற்கும்.

சரி, இசையில் மூழ்க டார்க் சைட். ஒரு மனிதன் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பும் கதையைப் பொறுமையாகப் பின்தொடர தி வால்.