வீட்டுக்கே வந்து தைராய்டு டெஸ்ட்: ஊசிக்கு 5 ஸ்டார், மற்றதற்கு 2

எனக்கும் நாத்தனாருக்கும் சேர்த்து, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு லேப்பில் தைராய்டு டெஸ்ட் புக் பண்ணினேன். பெயர் வேண்டாம். காலை ஆறே முக்காலுக்கு வந்த பையன் ஒரே குத்தில் எடுத்துவிட்டான், ஊசி பட்ட இடம் கன்றிக்கூடப் போகவில்லை. சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்.

அதைத் திறந்ததும்தான் குழப்பம். எனக்கு டிஎஸ்எச் 9.2, பக்கத்தில் மேலே பார்க்கும் சிவப்பு அம்பு. அவளுக்கு 0.1, அம்பு கீழே. "உங்களுக்குத்தான் தைராய்டு ஏறியிருக்கு அண்ணி, எனக்குக் கம்மிதான்" என்றாள். நேர்மாறு! டிஎஸ்எச் என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைப் பார்த்துப் போடும் அதட்டல், தைராய்டு சோம்பிக் கிடந்தால் அதட்டல் கூடும், அளவுக்கு மீறிச் சுரந்தால் அதட்டல் நின்றுவிடும். ஆறு வருஷமாக மாத்திரை போடும் எனக்கே இது புரிய ஒரு வருஷம் ஆனது. ரிப்போர்ட்டில் இதைத் தமிழில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் லேப்பிலிருந்து போன். "மேடம், உங்க வீட்ல ரெண்டு பேருக்கும் தைராய்டு இருக்கு." எல்லோர் கழுத்திலும்தான் இருக்கிறது தாயே! உடனே முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் டாக்டர் ரிப்போர்ட்டைக் கீழே வைத்துவிட்டு நாத்தனாரைக் கையை நீட்டச் சொன்னார். தைராய்டு அதிகம் சுரந்தால் வரும் நடுக்கம் இல்லை. படபடப்பு, எடை குறைதல், எதுவும் இல்லை. "முடி கொட்டுதுன்னு மாத்திரை ஏதாவது?" இருந்தது, பயோட்டின். சில லேப் முறைகளில் அது டிஎஸ்எச்சைக் குறைத்தும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4ஐக் கூட்டியும் காட்டிவிடுமாம். ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் 2.1, எல்லாம் சரி. ரத்தம் எடுக்கும்போது லேப்காரர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

என் 9.2 மட்டும் நிஜம். தைராய்டு மாத்திரையோடு கால்சியத்தையும் சேர்த்து விழுங்கி, கையோடு காபியும் குடித்துக்கொண்டிருந்தேன். கால்சியத்துக்கு நாலு மணி நேரம், காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி இடைவெளி வேண்டுமாம். அசதி, மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் வயசைக் குறை சொன்னேன். ஆறு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட், அந்தப் பையனே வந்தால் இதே லேப்தான்.

நேற்றும் போன் வந்தது. இந்த முறை வைட்டமின் டி.