மூன்றாவது வியர் ரிங்குக்குப் பிறகு: ஜெட் படகின் வால் ஆட்டம்

பழைய 16 அடி ஜெட் படகு ஒன்று விலை இறங்கி வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இன்ஜின் அளவு, குதிரைத்திறன், எத்தனை பேர் உட்காரலாம் என்பதெல்லாம் விற்பனைத் தாளிலேயே இருக்கிறது. தாளில் இல்லாதது வால் ஆட்டம். மணிக்கு 55 கிலோமீட்டரைத் தாண்டினால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டே போகும். திருப்பத்தில் ஒரு நொடி பிடி விட்டு, இன்ஜின் வீறிட்டு, பிறகு வெடுக்கென்று பிடிக்கும். நேராகப் போகும்போது மூக்கு எழுந்து எழுந்து விழும். என்னிடமும் இதே மாதிரிப் படகுதான், ஐந்து பருவமாக வைகை அணைத் தண்ணீரில் ஓடுகிறது. அதன் மூன்றாவது வியர் ரிங்கை (பம்புக்குள் இருக்கும், தேய்ந்தால் மாற்ற வேண்டிய வளையம்) மாற்றிய பிறகு எழுதுவதால் கொஞ்சம் கோபம் இருக்கும்.

கையேட்டில் இதற்கு ஒரே வரி, பின்னால் பீய்ச்சும் தண்ணீரின் மேல்-கீழ்ச் சாய்வைப் பற்றி: "டிரிம்மைச் சரிசெய்யவும்." பத்து லட்சங்களில் விலை வைத்து விற்கும் பொருளுக்கு இவ்வளவு அலட்சியமான பதில் கூடாது. சர்வீஸ் நிலையத்தில் ஸ்டீயரிங் கேபிளை மாற்றினார்கள். ஆட்டம் அப்படியே இருந்தது. இருக்கத்தான் செய்யும். ஜெட் படகுக்குத் தனியாகச் சுக்கான் கிடையாது. அடியில் பம்ப் உறிஞ்சும் தண்ணீரை நாசில் என்ற பின்பக்கக் குழாய்வாய் பீய்ச்சுகிறது. அந்தத் தண்ணீர்தான் உந்துவிசை, அதுவே சுக்கான். பம்பில் தண்ணீர் குறைந்தால் வேகமும் குறையும், திருப்பும் பலமும் குறையும். ஆகவே ஸ்டீயரிங் கோளாறு என்று தோன்றும் எதையும் முதலில் தண்ணீர் போகும் வழியில் தேட வேண்டும். கேபிளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டு எண்கள் வேண்டும். காற்று அடங்கிய காலை, பாதி டேங்க் பெட்ரோல், இரண்டே ஆட்கள். முழு த்ராட்டில் கொடுத்துப் பத்து விநாடி நேராக ஓட்டி, ஆர்பிஎம்மையும் போனில் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தையும் குறிக்கவும். எதிர்த்திசையிலும் ஒருமுறை ஓட்டிச் சராசரி எடுக்கவும். இந்தப் படகு புதிதில் 7,600-க்கு 76 கிலோமீட்டர் கொடுத்தது. ரிங் தேய்ந்த நாளில் 7,950-க்கு 66. ஆர்பிஎம் ஏறி வேகம் இறங்கினால் பம்ப் வழுக்குகிறது: தேய்மானம், அடைப்பு, காற்று, இந்த மூன்றில் ஒன்று. இரண்டும் சேர்ந்து இறங்கினால் இன்ஜினே சோர்ந்திருக்கிறது. ஆர்பிஎம் அப்படியே இருந்து வேகம் மட்டும் இறங்கினால் படகில் பாரம் ஏறியிருக்கிறது. இரண்டும் பழையபடி இருந்து ஆட்டம் மட்டும் வந்திருந்தால்தான் அடித்தளம், ரைடு பிளேட் (பம்புக்கு அடியிலுள்ள தகடு), ஸ்டீயரிங் பக்கம் போக வேண்டும். இந்த எண்களை வாங்கிய முதல் வாரமே எழுதி வைக்காதவர்கள் பிறகு எதைக் கழற்றினாலும் இருட்டில் துழாவுவதுதான்.

இனி தேய்மானம். இம்பெல்லர் என்பது பம்புக்குள் சுற்றும் விசிறி. அதன் இறக்கை நுனிக்கும் அதைச் சுற்றியுள்ள வியர் ரிங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் இந்தப் படகின் உயிர்நாடி. புதிதில் அது அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும். 1 மில்லிமீட்டரை நெருங்கினால் தண்ணீர் பின்னால் போவதற்குப் பதில் நுனியைச் சுற்றி முன்னாலேயே திரும்பி வழியும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான் இது முதலில் தெரியும்: சத்தம் முன்னால் போகும், படகு பின்னால் வரும். அதைவிட மோசமான விளைவு திருப்பத்தில் இருக்கிறது. படகு சாயும்போது உள்ளிழுக்கும் வாய் கொஞ்சம் காற்றைக் குடிக்கும். இது எல்லா ஜெட் படகுக்கும் உண்டு. நல்ல பம்ப் கண்ணிமைக்கும் நேரத்தில் மறுபடி தண்ணீரைப் பிடித்துவிடும். தேய்ந்த பம்ப் தாமதமாகப் பிடிக்கும். அந்தத் தாமதம் முழுக்கப் படகுக்குச் சுக்கானே இல்லை. சர்வீஸ் நிலையத்தில் கேபிளை மாற்ற வைத்த வால் வழுக்கல் இதுதான்.

அளப்பது கஷ்டமில்லை. படகை டிரெய்லரில் ஏற்றி, சாவியையும் நிறுத்துக் கயிற்றையும் (ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிறு) எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றவும். இந்த மூன்றும் முடியாமல் பம்புக்குள் கை போகக் கூடாது. அடியிலுள்ள சல்லடைக் கம்பிகளின் வழியாக ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டு, ஒவ்வொரு இறக்கை நுனியையும் மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு இடத்தில் அளக்கவும். நான்கிலும் ஒரே அளவாகக் கூடியிருந்தால் சாதாரணத் தேய்மானம். ஒரு பக்கம் 0.3, எதிர்ப்பக்கம் 1.1 என்று வந்தால் ரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. பம்பின் பேரிங் ஆடுகிறது, அல்லது இன்ஜினும் பம்பும் நேர்க்கோட்டில் இல்லை. அதைச் சரிசெய்யாமல் போடும் புது ரிங் சில மணி நேரத்திலேயே ஒரு பக்கம் தின்னப்பட்டுவிடும்.

பிளாஸ்டிக் ரிங்கை வீட்டிலேயே மாற்றலாம். பம்பைக் கழற்றி இம்பெல்லரை எடுத்த பிறகு, ஹேக்சா பிளேடால் பழைய ரிங்கில் இரண்டு இடத்தில் குறுக்கே அறுக்கவும். வெளியே இருக்கும் அலுமினியத்தில் பிளேடு படாமல், கடைசி அரை மில்லிமீட்டரை விட்டுவிட்டு ஸ்குரூடிரைவரால் நெம்பினால் உள்பக்கமாகச் சுருண்டு வரும். புது ரிங்கை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, பலகை வைத்துச் சமமாக அழுத்தினால் உட்கார்ந்துவிடும். சுத்தியலால் ஒரு ஓரத்தில் தட்டினால் கோணிக்கொள்ளும். மாட்டி முடித்ததும் இம்பெல்லர் கையால் சுற்ற வேண்டும். ஷாஃப்ட்டின் பல்வரிசையில் கிரீஸ் வைக்க மறக்கக் கூடாது.

இம்பெல்லரின் முன்விளிம்பில் கல் பட்ட சின்ன நெளிவை வழவழப்பான அரத்தால் பழைய வளைவு மாறாமல் தேய்த்து எடுக்கலாம். பெரிய பிசிர் என்றால் வேண்டாம். மதுரை லேத் பட்டறைகளில் கைத்திறனுக்குக் குறைவில்லை. மோட்டார் பம்பின் இம்பெல்லரை வெல்டு வைத்துக் கடைந்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் இது நிமிடத்துக்கு 7,000 சுற்றுக்கு மேல் சுற்றுவது. இறக்கைக் கோணமும் எடைச் சமநிலையும் கொஞ்சம் மாறினாலும் பேரிங் போய்விடும். ரிங் வேலையை உள்ளூரிலேயே முடிக்கலாம். இம்பெல்லரை அதற்கென்று சமநிலை பார்க்கும் இடத்துக்கு அனுப்புவதே சரி.

இந்தத் தண்ணீரில் மட்டும் ரிங் ஏன் இப்படிப் போகிறது? 1950-களில் நியூசிலாந்தின் வில்லியம் ஹாமில்டன் இந்த ஜெட் முறையைச் செம்மைப்படுத்தியது ஆழமில்லாத சரளைக்கல் ஆறுகளுக்காக. 1977-ல் எட்மண்ட் ஹிலாரி குழு கங்கையை எதிர்த்து ஏறியதும் ஜெட் படகில்தான். பெரிய கல்லைச் சல்லடை தடுத்துவிடும். பொடி மணல் அப்படியல்ல, தண்ணீரோடு உள்ளே போய் நுனியிடுக்கில் உப்புத்தாள் மாதிரி அரைக்கும். அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. அந்த அளவை ஒட்டி நிற்கும்போது ஓட்டினால் ரிங்குக்கு ஒன்றும் ஆவதில்லை. மட்டம் இறங்கிக் கரையோரம் கரம்பையும் மணலும் தெரியும் மாதங்களிலும், புதுவெள்ளம் செந்நிறமாக வந்து சேரும் நாட்களிலும்தான் தேய்கிறது. 90 சென்டிமீட்டருக்குக் குறைவான ஆழத்தில் இன்ஜினைத் தொடவே கூடாது. துடுப்பால் தள்ளி ஆழத்துக்குப் போன பிறகு ஸ்டார்ட் செய்யவும். கரையேறும்போதும் அப்படியே. இந்த ஒரு பழக்கம் மூன்றாவது ரிங்குக்கு முன்பே வந்திருந்தால் இரண்டாவது ரிங் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

ரிங் நன்றாக இருந்தும் பம்ப் வழுக்கினால் காற்றைத் தேடவும். உள்ளிழுக்கும் வாய்க்கும் ஃபைபர் அடித்தளத்துக்கும் நடுவே பூசிய சீலன்ட் வெயிலில் சுருங்கிப் பிளந்துவிடுகிறது. ஷெட் இல்லாமல் மதுரை வெயிலில் டிரெய்லரோடு நிற்கும் படகுக்கு இது சீக்கிரமே வரும். இரவில் வாயின் உள்ளே டார்ச் அடித்து வெளியே குனிந்து பாருங்கள். விளிம்பில் ஒளிக்கீற்று தெரிந்தால் அங்கேதான் ஓட்டை. பழையதை முழுக்கச் சுரண்டி, தின்னரால் துடைத்து, கடல் வேலைக்கான பாலியூரித்தேன் சீலன்ட் பூசி 24 மணி நேரம் விடவும். குளியலறைச் சிலிக்கான் அங்கே நிற்காது. இன்ஜின் அறைக்குள் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் கார்பன் சீல் உள்ள மாடல் என்றால், அதைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருக்கிறதா என்றும் பார்க்கவும். படிந்திருந்தால் சீல் தேய்கிறது, காற்று அதன் வழியாகவும் போகலாம்.

அடைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆகாயத்தாமரை மிதக்கும் பக்கம் போகாதீர்கள். போய்விட்டால் இன்ஜினை நிறுத்தி, சாவியையும் கயிற்றையும் எடுத்து, பேட்டரி முனையையும் கழற்றிவிட்டு, கையால் பிடுங்குங்கள். வேர் ஒன்று சல்லடையில் குறுக்கே கிடந்தாலே 5 கிலோமீட்டர் வேகம் போகும்.

அடுத்தது மூக்கு குதிப்பது. இது பெரும்பாலும் பின்பாரம். நாசில் டிரிம் மேலே இருந்தால் இறக்கவும். பேட்டரி, நங்கூரம், கூடுதல் கேன் எல்லாம் பின்னால் கிடந்தால் முன்னால் மாற்றவும். அப்படியும் குதித்தால் கண்ணுக்குத் தெரியாத பாரம் இருக்கிறது. தரைக்கடியில் அடைத்திருக்கும் ஃபோம் தண்ணீர் குடிக்கும், குடித்தால் தானாகக் காயாது. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத்தான் டிரெய்லர் போகிறது, வழியில் ஏதாவது ஒரு எடைமேடையில் ஏற்றினால் ஆயிற்று. பெட்ரோலின் எடையைக் கழித்துப் பழைய ரசீதோடு ஒப்பிட்டால் விஷயம் தெரிந்துவிடும். இந்தப் படகில் 70 கிலோ வித்தியாசம், அத்தனையும் பின்பாதியில். தரையை அறுத்து ஊறிய ஃபோமை வெட்டி எடுத்ததும் குதிப்பு முக்கால்வாசி நின்றது. வடிகால் அடைப்பானைத் திறந்து மூக்கைத் தூக்கி வைத்தால் ஒரு ராத்திரி முழுக்கச் சொட்டும் படகு எதையும் நம்பி வாங்க வேண்டாம்.

மிச்சக் கால்வாசி ரைடு பிளேட்டில் இருந்தது. பின்போல்ட்டுகளில் 1 மில்லிமீட்டர் ஸ்டீல் வாஷர் கொடுத்தால் பிளேட்டின் பின்விளிம்பு கீழிறங்கும், மூக்கு அமரும். 2 மில்லிமீட்டர் கொடுத்தால் அளவுக்கு மேல் அமர்ந்து, மூக்கு தண்ணீரைக் கொத்திப் படகு தன் இஷ்டத்துக்குப் பக்கவாட்டில் இழுக்கும். அது குதிப்பதைவிட ஆபத்து. ஒரு நாளில் ஒரே ஒரு மாற்றம், அதன் பிறகு அந்த இரண்டு எண்கள், பிறகுதான் அடுத்த மாற்றம்.

மூக்கு கொத்துவது வாஷர் போடாமலே வந்தால் டிரெய்லரைச் சந்தேகப்படுங்கள். தாங்கும் கட்டைகள் படகின் பின்விளிம்பு வரை வராமல் ஓரடி முன்னாலேயே நின்றுவிட்டால், இன்ஜின் பாரத்தில் பின்பக்கம் தொங்கி அடித்தளம் குழிந்துவிடும். கொத்தனார் பூச்சு மட்டம் பார்க்கும் 6 அடி அலுமினியச் சட்டத்தைப் பின்விளிம்பிலிருந்து முன்னோக்கி வைத்துப் பார்க்கவும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிவு. சட்டம் சீசா மாதிரி ஆடினால் புடைப்பு, அது மூக்கைக் குதிக்க வைக்கும். 2 மில்லிமீட்டரே வித்தியாசம் காட்டப் போதும். கட்டையை நீட்டிப் போடுவது தச்சருக்கு அரை நாள் வேலை. குழிந்த ஃபைபரை நிரப்பிச் சமப்படுத்துவது அப்படியல்ல.

இவ்வளவும் முடிந்த பிறகே ஸ்டீயரிங். நாசிலை இரு கையாலும் பிடித்து ஆட்டினால் தொளதொளவென்றால் புஷ் (மூட்டில் இருக்கும் வளையம்) போயிற்று. புஷ் ஆடும் படகு வேகத்தில் இடமும் வலமுமாகத் தள்ளாடும். சக்கரத்தை நேராக வைத்து நாசிலின் இரு பக்க இடைவெளியை அளவுகோலால் பார்த்து, கேபிள் முனையில் சரிசெய்யவும். மெதுவாகப் போகும்போது படகு அலைவது கோளாறு அல்ல, எல்லா ஜெட் படகின் சுபாவம். சக்கரத்தை அதன் பின்னாலேயே திருப்பிக்கொண்டிருந்தால் இன்னும் அலையும்.

எந்தப் பழுதுபார்ப்பும் தீர்க்காதது ஒன்று உண்டு. எதிரே ஏதாவது வந்தால் கை தானாக வேகத்தைக் குறைக்கும், சக்கரத்தைத் திருப்பும். ஜெட்டில் த்ராட்டிலை விட்டுவிட்டுத் திருப்பினால் படகு திரும்பாது, நேராகப் போய் மோதும். திரும்ப வேண்டுமானால் த்ராட்டில் இருக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் கையில் சக்கரத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் பத்து முறையாவது வெட்ட வெளியில் செய்து காட்டுங்கள்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். பம்ப் சரியாக இருக்கும் நாளில் இந்தப் படகுக்கு ஈடு இல்லை. வேகத்தில் எழும்பிவிட்டால் ஒரு முழ ஆழம் போதும். வெளியே சுற்றும் புரொப்பெல்லர் இல்லாததால் தண்ணீரில் இறங்கியிருப்பவர்களுக்கு அந்த வெட்டுப் பயமில்லை. நன்னீர் என்பதால் ஐந்து பருவத்தில் துரு என்ற பேச்சே வரவில்லை. ஃபைபர் வேலை சுத்தம். முழு வேகத்தில் வட்டமடிக்கும்போது தண்டவாளத்தில் போவது மாதிரி இருக்கும்.

ஆனாலும் நண்பருக்குப் பதில்: வேண்டாம். மணலும் கரம்பையும் கலந்த தண்ணீரில், உதிரிபாகம் வாரக்கணக்கில் வராத ஊரில், இந்த விலைக்கு வேண்டாம். மீறி வாங்கத்தான் போகிறார் என்றால் முன்பணம் கொடுக்கும் முன் டார்ச்சும் ஃபீலர் கேஜும் எடுத்துப் போகட்டும். நான்கு இடத்திலும் அளந்து 0.6-க்கு மேல் வந்தால் ரிங்கின் விலையையும் பம்ப் கழற்றும் கூலியையும் கழிக்கச் சொல்லட்டும். பக்கத்துக்குப் பக்கம் அளவு மாறினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வந்துவிடட்டும்.