துப்பாக்கி லைசன்ஸ் வாங்கித் தருகிறேன் என்றவரிடம் 2,800 வெள்ளி கொடுத்த கதை

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "நான்கு ஞாயிறு பிஸ்டல் பயிற்சி, முடிந்ததும் லைசன்ஸ் உறுதி" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மூன்று மாதத்துக்கு முன் எனக்கும் வந்தது. நம்பிக் காசு கட்டினேன். காசு போனதைவிடப் பெரிய வம்பு ஒன்று அதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு லோரி. சின்னத் தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை ஏற்றி எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோகும் வேலை. குலை ஏற்றும் பையன்கள் ஆறு பேருக்கும் சனிக்கிழமை மதியம் சம்பளம். எல்லாம் ரொக்கம்தான். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பேங்கிலிருந்து திரும்பும் வழியில் சிமெண்டுச் சாலை முடிகிற இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து மறித்தார்கள். பின்னால் இருந்தவன் கையில் பாராங், அதாவது நீள வெட்டுக்கத்தி. வெட்டவெல்லாம் இல்லை. அதன் தட்டைப் பக்கத்தால் கார் கண்ணாடியில் டக் டக்கென்று இரண்டு தட்டு தட்டினான், அவ்வளவுதான். 8,400 வெள்ளி இருந்த பையை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் யாராவது கண்ணாடி டம்ளரை மேசையில் வைத்தால் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கிறது.

அப்புறம் இரண்டு வாரம் தூக்கமில்லை. துப்பாக்கி ஒன்று இருந்திருந்தால் என்ற நினைப்பு. அந்த நேரம் பார்த்து அந்தப் படம் வந்தது.

துப்பாக்கி என்றால் என் வீட்டில் ஏற்கெனவே ஒரு பயம் உண்டு. 1948 ஜூன் 16 காலையில் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்டது இந்தச் சுங்கை சிப்புட் பக்கம்தான். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் அதிலிருந்து தொடங்கியது. அடுத்த ஆண்டு மே 4ஆம் தேதி, தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைத் துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காகப் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். தாத்தா அந்தக் காலத்துத் தோட்ட ஆள். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குக் கேப்புத் துப்பாக்கி வாங்கவே விடமாட்டார். அவர் இருந்திருந்தால் நான் இதில் இறங்கியிருக்க மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இடம் ஒரு கடைவரிசையின் மாடி. முன்பு தையல்கடையாக இருந்தது போலிருக்கிறது, சுவரில் ஆளுயரக் கண்ணாடி அப்படியே இருந்தது. நடத்துகிறவரை எல்லாரும் 'மாஸ்டர்' என்றார்கள். தான் முன்னாள் கமாண்டோ என்று சொல்லி, தொப்பி போட்ட ஒரு பழைய படத்தை போனில் காட்டினார். பேச்சு மட்டும் தேன். "அண்ணே, உங்க மாதிரி கேஷ் கொண்டுபோற ஆளுக்கு போலீஸ் கண்டிப்பா அப்ரூவ் பண்ணும். நம்ம சர்ட்டிபிகேட்டைப் பார்த்தாலே ஃபைல் மேலே போயிடும்" என்றார். பதிவுக்கு 300, பயிற்சிக்கு 1,500, 'ஃபைல் காசு' 1,000. மூன்று தவணையாக அனுப்பினேன். கம்பெனி பேரில் ரசீது கொடுத்தார், பணம் போனது ஒரு தனி ஆளின் கணக்குக்கு. அப்போதே உறைத்திருக்க வேண்டும். "கம்பெனி அக்கவுண்ட் இன்னும் திறக்கல அண்ணே" என்றார், நானும் தலையாட்டினேன்.

முதல் ஞாயிறு ஏழு பேர். நகைக்கடை வைத்திருக்கும் ஒருவரின் மகன், நாணயமாற்றுக் கடைக்காரர், இரண்டு இளம் பையன்கள், இன்னும் சிலர். அந்தப் பையன்கள் இருவரும் ஆயுதம் ஏந்திய காவலாளி வேலை கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கிக் கட்டியவர்கள். எனக்கு என் காசைவிட அவர்கள் காசை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பாதுகாவலர் கம்பெனிகள் உள்துறை அமைச்சின் உரிமத்தில் நடப்பவை. அங்கே துப்பாக்கி கம்பெனியுடையது, காவலாளியுடையது அல்ல. மாடியில் அச்சடித்த ஒரு தாளை நீட்டினால் யாரும் துப்பாக்கியைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள்.

மாஸ்டர் பெட்டியைத் திறந்து ஒரு கறுப்புப் பிஸ்டலை எடுத்தார். கையில் வாங்கியபோது எடையே இல்லை. "இது பயிற்சிக்கான மாடல், எடை குறைவா செஞ்சிருக்கு" என்றார். மூலையில் ஒரு மைலோ டின் இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றி, ஜவ்வரிசி ஊறியதுபோல் வழவழப்பான குட்டி உருண்டைகள் மிதந்துகொண்டிருந்தன. அதைத்தான் உள்ளே போட்டுச் சுட்டோம். அட்டைப் பலகையில் பட்டுப் பிசுபிசுவென்று வழிந்தது. எங்களில் ஒருவர்கூட, நான் உட்பட, "இது என்ன மாஸ்டர்?" என்று கேட்கவில்லை. பெரிய மனிதர்கள் ஏழு பேர், மைலோ டின்னைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம்.

இன்னொன்று. விளக்கும்போது மாஸ்டரின் விரல் விசையில்தான் இருந்தது, முழு நேரமும். பேசிக்கொண்டே அதை நகைக்கடைப் பையனின் நெஞ்சுக்கு நேரே நீட்டி, "பயப்படாதே, காலி" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

இரண்டாவது ஞாயிறு முடிந்து வீட்டுக்கு வந்தபோது பெரியப்பா வந்திருந்தார். அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. காட்டுப்பன்றி வந்து செம்பனை இளங்கன்றைக் குடைந்துவிடும் என்பதால் பல வருஷமாக செனப்பாங் பாத்தா லைசன்ஸ் வைத்திருக்கிறார், நடுவில் மடித்துத் திறக்கிற அந்தத் துப்பாக்கி. பெருமையாகச் சொன்னேன். அவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது மூன்றே கேள்வி. "காது அடைச்சுதா? சுட்ட தோட்டா கூடு எங்க விழுந்துச்சு, யார் பொறுக்கி எண்ணினா? அந்தத் துப்பாக்கி யார் லைசன்ஸ்ல இருக்கு?"

மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. மைலோ டின்னைச் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் முகம் மாறிவிட்டது. "டேய், அது பொம்மைன்னு நினைக்காதே. அதுக்கே உள்ளே போடுவான்."

அவர் சொன்னது உண்மை. பிறகு நானே தேடிப் பார்த்து, தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டேன். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 36ஆவது பிரிவில் போலித் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். மாஸ்டர் காட்டியது போன்ற ஜெல் உருண்டைத் துப்பாக்கியையும் போலீஸ் இந்தப் பிரிவில்தான் பிடிக்கிறது. அசல் என்றால் கதையே வேறு. லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் அதே சட்டத்தின் 8ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கடுந்தண்டனைச் சட்டத்தில் போட்டார்கள் என்றால் 14 ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது 6 பிரம்படி. காற்றுத் துப்பாக்கிகூட இங்கே ஆயுதம்தான், அதற்கும் லைசன்ஸ் வேண்டும். மாஸ்டர் எங்களிடம் "ஆளுக்கு ஒண்ணு வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பழகுங்க, 350 வெள்ளிதான்" என்று வேறு சொல்லியிருந்தார். நாணயமாற்றுக் கடைக்காரர் ஒன்று வாங்கிவிட்டார். அன்றிரவே அவருக்கு போன் பண்ணினேன்.

லைசன்ஸ் எப்படிக் கிடைக்கும் என்பதையும் பெரியப்பாதான் விளக்கினார். விண்ணப்பம் போலீஸில்தான். முடிவு மாநிலப் போலீஸ் தலைவர் கையில். எதற்காக வேண்டும், நீ யார், உன் மேல் என்ன பதிவு இருக்கிறது என்று தோண்டிப் பார்ப்பார்கள். நிலத்துக்குப் பன்றித் தொல்லை என்றால் அதற்கு ஒரு வழி உண்டு. ஆனால் கைத்துப்பாக்கி தனி ஆளுக்குக் கிடைப்பது அரிதிலும் அரிது. "பயம்" என்று எழுதிக் கொடுத்தால் போதாது. நடுவில் காசு வாங்கி 'ஃபைலை மேலே தள்ளுகிற' ஆள் என்று ஒருவர் இந்த முறையில் கிடையவே கிடையாது. இருக்கிறேன் என்று யாராவது சொன்னால், ஒன்று அவர் ஏமாற்றுகிறார், இல்லையென்றால் லஞ்சத்தில் நம்மையும் சேர்த்து மாட்டிவிடுகிறார்.

சுடப் பழக வேண்டும் என்று ஆசையே இருந்தால் துப்பாக்கிச் சுடும் சங்கங்கள் இருக்கின்றன, உரிமம் பெற்ற சுடுதளங்கள் இருக்கின்றன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு சுட்டாரே நம் நாட்டு வீராங்கனை நூர் சுர்யானி, அவரெல்லாம் வந்தது அப்படித்தான். யாரும் தையல்கடை மாடியிலிருந்து வரவில்லை.

பெரியப்பா மறுநாள் காலையில் என்னைத் தன் நிலத்துக்குக் கூட்டிப்போனார். என் கையில் துப்பாக்கியைத் தரவில்லை. தரவும் மாட்டார், லைசன்ஸ் அவர் பேரில். தான் செய்வதைப் பார்க்க மட்டும் சொன்னார். பெட்டியிலிருந்து எடுத்ததும் முதல் வேலை மடித்துத் திறந்தது. இரண்டு குழலிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார், பிறகு சுண்டுவிரலையும் விட்டுப் பார்த்தார். இரண்டு நிமிஷத்துக்கு முன் வீட்டில் பார்த்ததுதான், மறுபடியும் பார்த்தார். நடக்கும்போது திறந்தபடியே முழங்கையில் தொங்கப்போட்டார், குழல் முனை மண்ணைப் பார்த்தபடி. விரல் விசை வளையத்துக்கு வெளியே, கட்டையோடு ஒட்டி நீட்டியே இருந்தது. ஒருமுறைகூட உள்ளே போகவில்லை.

வரப்பில் நின்று எதிரே காட்டினார். "பன்னி தெரியுதுன்னு வெச்சுக்கோ. பன்னியைப் பார்க்கக் கூடாது, பன்னிக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாரு." எதிரே செம்பனை வரிசை, அதற்கப்பால் பக்கத்து நிலத்தின் ரப்பர் பால்மரங்கள். அதற்குள் மங்கலாக ஒரு மஞ்சள் புள்ளி அசைந்துகொண்டிருந்தது. விடிவதற்கு முன்பே வந்து பால் வெட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவரின் தலைவிளக்கு. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். 1,500 வெள்ளி கட்டிய வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை.

மாடிக்குத் திரும்பிப் போனேன். பூட்டு. மாஸ்டர் போனில் என் எண்ணை பிளாக் பண்ணிவிட்டார். ரசீதில் இருந்த பதிவு எண்ணை, கம்பெனிகளைப் பதியும் எஸ்.எஸ்.எம். தளத்தில் போட்டுப் பார்த்தால், ஒரு கார் கழுவும் கடை வருகிறது. மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டினால், ஏற்கெனவே புகார்கள் இருப்பதாகக் காட்டியது. காசு அனுப்பும் முன் இதைப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. நான் பார்த்தது அனுப்பி 19 நாள் கழித்து. பண மோசடிக்கான 997 என்ற உதவி எண்ணுக்கும் அப்போதுதான் அழைத்தேன். பணம் போன உடனே அழைத்தால்தான் கணக்கை முடக்கப் பார்ப்பார்களாம். 19 நாளில் அங்கே என்ன மிச்சம் இருக்கும்?

போலீஸில் புகார் கொடுக்கத்தான் அதிகம் தயங்கினேன். நானும் அந்தச் சாமானைக் கையில் பிடித்தவன்தானே. பெரியப்பா கூடவே வந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், வாக்குமூலம் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் அந்த அதிகாரி தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "லெசென் தாக் போலே பெலி, போஸ்" என்றார். லைசன்ஸை விலைக்கு வாங்க முடியாது என்று மலாயில் சொன்னதை நான் தமிழில் வேறு யோசித்துப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தேன். நாணயமாற்றுக் கடைக்காரரும் மறுநாள் போய்த் தன் பொம்மையை ஒப்படைத்துவிட்டார். ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டுதான் போனார், அது புத்திசாலித்தனம்.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்திலும் போடலாம் என்கிறார்கள். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருப்பது 'மாஸ்டர்' என்ற பெயரும் பூட்டிய மாடியும்தான். அந்த இளம் பையன்கள் இருவரிடமும் வேறு ரசீது இருக்கிறதாம், அதில் வேறு முகவரி. அதை வைத்து அடுத்த வாரம் மூன்று பேருமாக ஈப்போவுக்குப் போய்ப் பார்க்கப் போகிறோம். இதே ஆளிடம் கட்டிய வேறு யாராவது இருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு எங்களோடு சேருங்கள்.

சம்பளத்தை இப்போது போனிலேயே அனுப்பிவிடுகிறேன். ஆறு பேரில் ஐந்து பேருக்கு, போனில் பணம் வாங்கும் டூயிட்நவ் வசதி இருக்கிறது. ஆறாவது ஆள் முனியாண்டி அண்ணன், அறுபதைத் தாண்டியவர், கையில் நோட்டு வந்தால்தான் சம்பளம் என்பார். அவருக்கு மட்டும் சனிக்கிழமை மதியம் ஒட்டுக்கடையில் வைத்து எண்ணிக் கொடுக்கிறேன். எண்ணி முடித்துவிட்டு, "துப்பாக்கி வந்துடுச்சா தவுக்கே?" என்று முதலாளியான என்னை வாராவாரம் கேட்கிறார்.