கோத்தகிரியில் என் முழங்கையை மீட்டுத் தந்த இயன்முறை சிகிச்சை மையம்

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஆள் கிடைக்காததால் மழைக்காலம் முழுவதும் நானே கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டினேன். செப்டம்பரில் வலது முழங்கையின் வெளிப்புற எலும்பில் வலி பிடித்தது. டீ டம்ளரைத் தூக்கினாலே உயிர் போயிற்று. முதலில் போன இடத்தில் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், வாதம் என்று மாத்திரை எழுதிவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

இந்த மையத்துப் பெண் முதலில் என் கழுத்தைத் திருப்பச் சொன்னார். கழுத்து நரம்பிலிருந்தும் வலி கைக்கு இறங்கலாமாம். பிறகு முழங்கையை நீட்டி, விரல்களை மடக்கி, மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினார். துடித்துவிட்டேன். நடுவிரலை மட்டும் தூக்கி அழுத்தியபோதும் அதே புள்ளி. "டென்னிஸ் எல்போ, அம்மா. மணிக்கட்டைத் தூக்கும் தசைநார் எலும்பில் ஒட்டும் இடம் நைந்திருக்கிறது" என்றார். எக்ஸ்ரே கேட்கவில்லை. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைத் தணிக்கும், பிறகு வலி திரும்பும் வாய்ப்பு அதிகம் என்றும் பொறுமையாக விளக்கினார்.

பயிற்சி எளிது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, உள்ளங்கை கீழே பார்க்க, இடது கையால் மணிக்கட்டை உயர்த்திவிட்டு, வலது கையால் மிக மெதுவாக இறக்க வேண்டும். தினமும் 15 முறை வீதம் 3 சுற்று. மையத்துக்கு ஏறும் படிக்கட்டு செங்குத்து, முதியவர்கள் துணையோடு போங்கள். 10 வாரத்தில் மாவுக் குண்டானை ஒரே கையால் இறக்கினேன்.