ஃபோர் வீலைப் படுத்திய இரண்டு புது டயர்: ஒன்பது ஆண்டு எஸ்யூவி அனுபவம்

2016 மார்ச்சில் சிங்கப்பூரில் பதிவு செய்த, நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும் (ஃபோர் வீல்) ஐரோப்பிய எஸ்யூவி. இதுவரை 142,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இருக்கை, ஏசி, எஞ்சின் எதிலும் பெரிய குறை இல்லை. பெட்ரோல் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும், அது தெரிந்தே வாங்கியது. நான் எழுத உட்கார்ந்தது, எஞ்சின் விசையை முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டிக்காக. வாங்கும்போது அப்படி ஒரு பாகம் இருப்பதே எனக்குத் தெரியாது. நம் ஊரில் மிக உயரமான புக்கிட் தீமாவே 164 மீட்டர்தான். இங்கே ஃபோர் வீல் எதற்கு என்று என் மாமனார் அன்றே கேட்டார். மலேசியாவின் கேமரன் மலைக்குப் போக என்று சொல்லி வைத்தேன்.

கேமரன் மலைக்குப் போகும்போதுதான் வினையும் வந்தது. கொவிட் காலத்தில் மூடியிருந்த, மலேசியாவுக்குப் போகும் கடற்பாலம் வழியாக 2022 ஏப்ரல் 1 முதல் சொந்தக் காரில் போகலாம் என்றானதும், ஜூன் பள்ளி விடுமுறையில் கிளம்பினோம். ஜொகூர் மாநிலத்தின் யோங் பெங் ஊரைத் தாண்டியதும் பின் டயர் ஒன்றின் பக்கவாட்டில் ஏதோ கிழித்துவிட்டது. அங்கிருந்த கடையில் எங்கள் அளவில் இரண்டு டயர்தான் இருந்தது. பின்னால் இரண்டையும் புதிதாகப் போட்டுக்கொண்டோம். முன் டயர்கள் பாதி தேய்ந்தவை, ஆனால் சட்டப்படி வேண்டிய 1.6 மில்லிமீட்டர் பள்ள ஆழத்தைவிட நிறையவே மிச்சம் இருந்தது. அதனால் யாரும் கவலைப்படவில்லை. நானும்தான்.

ஓர் ஆண்டு கழித்துத் தொல்லை ஆரம்பித்தது. 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினால், சாலையில் குட்டிக் குட்டித் திட்டுகள் போட்டதுபோல் தடதடவென்று ஒரு நடுக்கம். ஓங்கி மிதித்தால் போய்விடும். வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஏறும்போது முன் சக்கரங்கள் பிடித்துப் பிடித்து விடுவதுபோல் துள்ளும். அதிலும் வண்டி நன்றாகச் சூடேறியிருந்தால்தான். காலையில் வேலைக்குப் போகும்போது ஒன்றும் தெரியாது, மாலையில் திரும்பும்போது துள்ளும். டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

முதலில் காட்டிய வொர்க்‌ஷாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு "கியர்பாக்ஸ்" என்றார்கள். கழற்றிப் பிரித்துச் சரிசெய்ய 6,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கையில் மிச்சம் இருந்ததோ இரண்டரை ஆண்டு சிஓஇ, அதாவது ஏலத்தில் எடுக்க வேண்டிய, கார் வைத்திருக்கப் பத்தாண்டு உரிமை தரும் சான்றிதழ். சரி, வண்டியைக் கொடுத்துவிட்டு வேறு பார்க்கலாம் என்று நினைத்தால், அந்த 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ 150,001 வெள்ளிக்குப் போனது. காரே இல்லாமல் வெறும் காகிதத்துக்கு அந்த விலை! அதனால்தான் இன்னொருவரிடம் காட்டும் பொறுமை எனக்கு வந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

சிங்கப்பூரின் காக்கி புக்கிட் பகுதியில் கார் பழுதுபார்க்கும் ஒரு சிறிய கடை. தினமும் ஜொகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து வேலை பார்க்கும் ஒரு தம்பி. அவர் காரை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே நான்கு டயரையும் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, பின்னாடி மட்டும் மாத்துனீங்களா?"

"ஆமா, போன வருஷம்."

"கியர்பாக்ஸ்ல கை வைக்காதீங்க. அரை மணி நேரம் இருங்க."

என் வண்டியில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது டிரான்ஸ்ஃபர் கேஸ். எஞ்சினின் விசை எப்போதும் பின் சக்கரங்களுக்குப் போகும். முன் சக்கரங்களுக்கும் வேண்டுமென்றால், எண்ணெயில் ஊறிய கிளட்ச் தட்டுகளை ஒரு சின்ன மின் மோட்டார் நெருக்கிப் பிடிக்கும். எவ்வளவு நெருக்குவது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. அந்தத் தம்பி செய்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த மோட்டாருக்குப் போகும் பிளக்கைக் கழற்றினார். இப்போது வண்டி பின் சக்கர ஓட்டத்தில் மட்டும் போகும். டேஷ்போர்டு முழுக்க மஞ்சள் விளக்குகள். காய்ந்த சாலையில், நல்ல சூட்டோடு, பிடோக் ரெசர்வோர் சாலையில் மெல்ல ஒரு சுற்று. நடுக்கம் இல்லை. கார் நிறுத்துமிடத்து வளைவிலும் துள்ளல் இல்லை. பிளக்கை மாட்டினோம், பழைய தடதடப்பு வந்துவிட்டது. கியர்பாக்ஸ்தான் குற்றவாளி என்றால் பிளக்கைக் கழற்றிய பிறகும் நடுங்கியிருக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு அவர் காசு வாங்கவில்லை.

டயருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். என் டயர் 235/65 ஆர்17, புதிதாக இருக்கும்போது குறுக்களவு சுமார் 737 மில்லிமீட்டர். முன் டயர் 4 மில்லிமீட்டர் தேய்ந்தால் குறுக்களவில் 8 மில்லிமீட்டர் குறையும். கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் ஒரு கிலோமீட்டருக்குப் பின் சக்கரம் 432 சுற்று சுற்றினால் முன் சக்கரம் 436, 437 சுற்ற வேண்டும். நேர் சாலையில் போனாலும் அந்தக் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். கேமரன் போய் வந்த தூரத்தை நினைத்தாலே பாவமாக இருந்தது. உரசல் சூடாகிறது, சூட்டில் எண்ணெய் கெடுகிறது, கெட்ட எண்ணெயில் தட்டுகள் வழுக்கி ஒட்டி, வழுக்கி ஒட்டி நடுங்குகின்றன.

டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வடித்த எண்ணெய் கோப்பி ஓ (பாலில்லாக் காப்பி) நிறத்தில் இருந்தது, தீய்ந்த வாடை. உள்ளே போவதே ஒரு லிட்டருக்கும் குறைவு. இதை "ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை" என்று சொல்லித்தான் விற்றார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்காமல் விட்டது என் தப்பு. அந்தப் பெட்டிக்கென்றே உள்ள எண்ணெயை ஊற்றி, 500 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்துப் புதிதாக ஊற்றினோம். அப்புறம் ஸ்கேனரை மாட்டி எண்ணெய் மாற்றியதைக் கணினியில் பதிந்தார். இதைச் செய்யாவிட்டால் பழைய எண்ணெய்க்கேற்ற கணக்கிலேயே அது தட்டுகளை நெருக்குமாம். நான்கு டயரும் புதிது. டயர் செலவைத் தவிர்த்தால் இரண்டு தடவைக்கும் சேர்த்து 560 வெள்ளி.

முதல் மாற்றத்திலேயே முக்கால்வாசி நடுக்கம் போனது, இரண்டாவதில் மிச்சமும் போனது. முழுக்க நிம்மதி என்று சொல்ல முடியாது. 2024 இறுதியில் எஞ்சினை அணைத்த பிறகு அடியிலிருந்து டிக் டிக் சத்தம், கூடவே ஃபோர் வீல் எச்சரிக்கை விளக்கு. தட்டுகளை நெருக்கும் மோட்டாருக்குள் இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் பற்கள் மழுங்கிப்போயிருந்தன. முழு மோட்டாரும் மாற்றினால் ஆயிரத்தைத் தாண்டும் என்றார்கள். பல்சக்கரம் மட்டும் தனியாகக் கிடைத்தது, வேலையோடு 280 வெள்ளி. இத்தனை கனமான வண்டியின் நான்கு சக்கரப் பிடியை விரல் நகம் மாதிரி ஒரு பிளாஸ்டிக்கிடம் ஒப்படைத்தவரைப் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

இதே வகை வண்டியைப் பழையதாக வாங்க நினைப்பவர்கள், விற்பவரிடம் ஓடிய கிலோமீட்டர் கேட்பதோடு நிறுத்தாமல், டயர்களை எப்போது, எத்தனை எத்தனையாக மாற்றினார் என்றும் கேளுங்கள். முன்னும் பின்னும் வேறு வேறு டயர் என்றால் வண்டி நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஏற்றிப் பாருங்கள். குளிர்ந்த வண்டியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நான் இப்போது 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர்களை முன்பின் மாற்றிப் போடுகிறேன். டயர் ஆழம் பார்க்கும் சின்ன அளவுகோல் ஒன்று டிராயரிலேயே கிடக்கிறது. சிஓஇயின் பத்தாண்டு முடியும்போது நீட்டிப்பதா விடுவதா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அளந்தபோது முன்னால் 5.1, பின்னால் 5.3 மில்லிமீட்டர்.