பிரின்ஸ் கிளாசிக்: கராஜ் சேலில் கிடைக்கும் ஒரு காப்புரிமை

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பிரின்ஸ் கிளாசிக் இன்றைக்கும் விளையாடக்கூடிய டென்னிஸ் மட்டைதான், ஆனால் எல்லோருக்குமானது இல்லை. வார இறுதியில் நண்பர்களோடு டபுள்ஸ் ஆடுபவர், வேகத்தைவிடப் பந்தை ஒழுங்காகத் திருப்பி அனுப்பினால் போதும் என்று நினைப்பவர், தாராளமாக வாங்கலாம். பின்கோட்டில் நின்றுகொண்டு பந்தை முன்னோக்கிச் சுழலவிட்டு டாப்ஸ்பின் விளாசுகிற இருபது வயதுப் பையன் என்றால் வேண்டாம், பத்து நிமிடத்தில் எரிச்சலாகிவிடுவான்.

நான் இருக்கும் நியூ ஜெர்சியில் பழைய சாமான் விற்கும் இடங்களில் இது அடிக்கடி கண்ணில் படும். அலுமினியச் சட்டம், பச்சை நிறப் பிளாஸ்டிக் கழுத்து, தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். பிரின்ஸ் கம்பெனி பிறந்ததே இங்கே பிரின்ஸ்டன் பக்கம்தான், அதனால் இந்த ஊர்க்காரர்களின் கராஜில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். விலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பேரம் பேசவே கூச்சமாக இருக்கும்.

சரி, விளையாட எப்படி? வலைக்குப் பக்கத்தில் நின்று, பந்து தரையில் படுவதற்கு முன்பே வாலி அடிக்கும்போதுதான் இதன் அருமை தெரிகிறது. எதிராளி உடம்பை நோக்கி வேகமாக அடித்த பந்துக்கு அவசரத்தில் மட்டையை நீட்டுகிறோம், பந்து நடுவில் படாமல் ஓரமாகப் படுகிறது. பழைய மர மட்டையாக இருந்தால் கையிலேயே ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுப் பந்து வலையில் போய் விழும். இதில் மட்டை அவ்வளவாகத் திரும்புவதில்லை, சுமாராக அடித்த பந்துகூட எதிர்ப்பக்கம் போய் விழுந்துவிடுகிறது. எதிராளியின் தலைக்கு மேல் தூக்கி அடிக்கும் லாபும் நன்றாக வருகிறது. சர்வீஸைத் திருப்பி அடிப்பதில், முக்கியமாக மட்டையை முன்னால் வைத்துத் தடுத்து அனுப்பும் அடியில், எனக்கு இதைவிட நிம்மதியான மட்டை வேறு எதுவும் அமையவில்லை.

இந்த நிம்மதிக்குக் காரணம், மட்டையை உருவாக்கிய ஹோவர்ட் ஹெட் என்ற அமெரிக்க இன்ஜினியர். இப்போது ஜோகோவிச் கையில் இருக்கும் மட்டையில் எழுதியிருக்கிறதே ஹெட் என்று, அந்த ஹெட்டேதான். அவருடைய பெயரில் ஒரு கம்பெனி, அவர் சொந்தப் பெயரை விற்றுவிட்ட பிறகு வளர்த்த பிரின்ஸ் என்ற இன்னொரு கம்பெனி, இரண்டும் இன்றைக்குக் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன.

மனிதர் பால்டிமோரில் கிளென் மார்ட்டின் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1947-இல் வெர்மான்ட்டில் ஸ்டோ என்ற மலையில் முதல்முறையாகப் பனிச்சறுக்கு பழகப் போய் அடிக்கடி விழுந்திருக்கிறார், பழியை ஹிக்கரி மரத்தில் செய்த கனமான ஸ்கீ பலகை மேல் போட்டிருக்கிறார். நாம் எல்லோரும் செய்வதுதான், கேரம் சரியாக ஆடவில்லை என்றால் பவுடர் சரியில்லை என்போம். ஆனால் அவருக்கு விமானத் தொழிற்சாலையில் லேசான உலோகத் தகடுகளை நடுவில் தேன்கூடு போன்ற அமைப்பை வைத்து ஒட்டும் வித்தை தெரிந்திருந்தது. அதையே ஸ்கீயில் செய்து பார்த்தால் என்ன என்று கிளம்பிவிட்டார். சீட்டாட்டத்தில் ஜெயித்து வைத்திருந்த 6,000 டாலர்தான் முதலீடு.

அவர் அந்த ஸ்கீயைச் செய்த விதத்தைப் படித்தால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். ஒட்டிய பலகையை ரப்பர் பைக்குள் போட்டு, பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரைத் தலைகீழாக மாட்டிக் காற்றை உறிஞ்சி எடுத்து, கார்களிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை ஒரு இரும்புத் தொட்டியில் ஊற்றி 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் காய்ச்சி, அதற்குள் பையை முக்கி வேக வைத்திருக்கிறார். இவ்வளவு பாடுபட்டும் முதலில் செய்தவை எல்லாம் ஸ்டோவில் உடைந்தன. பயிற்சியாளர்கள் உடைத்து உடைத்துத் திருப்பிக் கொடுக்க, இவர் மறுபடி மறுபடி செய்து அனுப்ப, தேன்கூடு போய் நடுவில் ப்ளைவுட் வந்தது, ஓரத்தில் இரும்பு வந்தது, அலுமினியத்தில் பனி ஒட்டிக்கொள்கிறது என்று அடியில் பிளாஸ்டிக் வந்தது. 1950 வாக்கில்தான் ஒரு ஜோடி உடையாமல் தாங்கியது. அப்புறம் அந்த ஹெட் ஸ்டாண்டர்ட், மர ஸ்கீயைவிட அவ்வளவு சுலபமாகத் திரும்பியதால் அதற்கு 'ஏமாற்று ஸ்கீ' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் உலோக ஸ்கீயின் ஆட்சி வெகுநாள் நீடிக்கவில்லை, 60-களில் ஃபைபர் கிளாஸ் வந்து அதை ஓரங்கட்டத் தொடங்கியது. 1969-இல் ஹெட் கம்பெனியை 16 மில்லியன் டாலருக்கு ஏஎம்எஃப் என்ற நிறுவனம் வாங்கிக்கொள்ள, மனிதர் ஓய்வெடுக்கிறேன் பேர்வழி என்று டென்னிஸ் பழகப் போனார். டென்னிஸும் வரவில்லை! பயிற்சிக்குப் பந்து எறியும் ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார், அதுவும் சரியாக வேலை செய்யவில்லை. அதைச் செய்த சின்னக் கம்பெனிதான் பிரின்ஸ். மெஷினைச் சரி செய்து கொடுக்கப் போனவர் கடைசியில் கம்பெனிக்கே தலைவராக உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகும் அடிகள் திருந்தாததால், மறுபடி மட்டை மேல் சந்தேகம்.

பந்து ஓரத்தில் பட்டால் மட்டை கையில் சுழல்கிறது, அதுதான் பிரச்சினை என்று கண்டுபிடித்தார். ஓரங்களில் எடை சேர்த்தால் சுழலாது, ஆனால் தூக்க முடியாது. எடையைக் கூட்டாமல் ஓரத்தையே நடுவிலிருந்து தள்ளி வைத்தால்? சுழற்சியை எதிர்க்கும் தன்மை தூரத்தின் வர்க்கத்தில் கூடும் என்பது பள்ளிக்கூட இயற்பியல், அகலத்தை 20 சதவீதம் கூட்டினால் எதிர்ப்பு 44 சதவீதம் கூடிவிடும். அப்போதைய மட்டைகளின் நரம்புப் பரப்பு 70 சதுர அங்குலத்துக்கு முன்பின்னாக இருந்தது, இவர் 110 ஆக்கினார். மட்டை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று டென்னிஸ் விதிகளில் அப்போது ஒரு வரிகூடக் கிடையாது. இத்தனை வருஷமும் யாரும் கேட்காத கேள்வி!

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு விஷயம். மட்டையின் நீளம் கூடவில்லை, அதே 27 அங்குலம். பரப்பைப் பக்கவாட்டில் மட்டுமில்லாமல் கைப்பிடி பக்கமாகவும் இறக்கியிருக்கிறார். பந்து நன்றாகத் துள்ளிக் கிளம்பும் இடம், அதாவது ஸ்வீட் ஸ்பாட், பழைய மட்டைகளில் கழுத்துக்குப் பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்தது. நரம்புப் பரப்பு கீழே இறங்கியதும் அந்த இடம் அகன்று, கிட்டத்தட்ட நடுவுக்கே வந்துவிட்டது. நாம் எங்கே அடிப்போமோ அங்கேயே!

டிசம்பர் 1976-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது, எண் 3,999,756. அது 85 முதல் 130 சதுர அங்குலம் வரையிலான மட்டைகளை வளைத்துப் பிடித்திருந்தது. என்ன பொருளில் செய்தாலும் சரி, அளவு இதற்குள் வந்தால் பிரின்ஸுக்குப் பணம் கட்டு என்ற கதை. ஸ்கீயில் அவர் கொண்டுவந்தது ஒரு பொருள், அதைவிட நல்ல பொருள் வந்ததும் மற்றவர்கள் தாண்டிப் போனார்கள். மட்டையில் அவர் பிடித்தது வடிவம். அலுமினியம் போய் கிராஃபைட் வந்த பிறகும் வடிவத்தைத் தாண்ட வழியில்லை. இரண்டில் எது பெரிய கண்டுபிடிப்பு என்று கேட்டால் நான் மட்டையைத்தான் சொல்வேன், ஸ்கீ பிரியர்கள் சண்டைக்கு வரலாம்.

முதலில் இதைக் கிழவர்களின் மட்டை என்று சிரித்தார்கள். 1978 யுஎஸ் ஓப்பனில் 16 வயது பாம் ஷ்ரைவர் பிரின்ஸின் இந்தப் பெரிய மட்டையோடு வந்து, அரையிறுதியில் நவ்ரதிலோவாவை வீழ்த்தி இறுதிப் போட்டி வரை போனார். கிறிஸ் எவர்ட்டிடம் 7-5, 6-4 என்று தோற்றாலும் சிரிப்பு அடங்கிவிட்டது. 1982-இல் பிரின்ஸ் 62 மில்லியன் டாலருக்குக் கைமாறியது.

குறைகளுக்கு வருகிறேன், அவையும் நிறைய. ஓங்கி அடித்தால் இந்த அலுமினியச் சட்டம் வளைந்து கொடுக்கிறது, பந்து எந்தப் பக்கம் போகும் என்பதில் நமக்கும் ஒரு ஆர்வம் வந்துவிடுகிறது. பரப்பு பெரிது என்பதால் நரம்பை இறுக்கமாகக் கட்ட வேண்டும், தளர்வாகக் கட்டினால் பந்து வானத்துக்குப் போகும். இறுக்கிக் கட்டினாலோ நரம்பு நுழையும் பழைய பிளாஸ்டிக் துளைக்குழாய்கள் விரிசல் விடுகின்றன. எனக்கு ஒரு கடையில் நரம்பு கட்டிக் கொடுத்தபோது துளைக்குழாய் இரண்டு இடத்தில் பிளந்து, ஒரே வாரத்தில் அந்த இடத்தில் நரம்பு அறுந்துவிட்டது. மட்டை பழசு சார் என்று தோளைக் குலுக்கினார்களே தவிரக் காசைத் திருப்பித் தரவில்லை. அதிர்வும் கொஞ்சம் அதிகம்தான், முழங்கை வலி ஏற்கெனவே உள்ளவர்கள் தள்ளியே இருங்கள்.

அவர்களுக்கும், கொஞ்சம் வேகமாக அடிப்பவர்களுக்கும், இதே வடிவத்தில் பின்னால் வந்த பிரின்ஸ் கிராஃபைட் நல்லது. வளையாது, பந்தின் திசை கட்டுக்குள் இருக்கும், விலைதான் பழையதாக இருந்தாலும் பல மடங்கு அதிகம். அதைத் தேடி வாங்குகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. புது மட்டையே போதும் என்றால் கடையில் 100 சதுர அங்குலம் என்று போட்டிருக்கும் எதையாவது எடுங்கள், அதுவும் ஹெட் காப்புரிமையில் எழுதிய அளவுக்குள்தான் வருகிறது.

கிளாசிக்தான் வேண்டும் என்றால் வாங்கும்போது மட்டையைத் தரையில் படுக்க வைத்துப் பாருங்கள், அலுமினியம் ஒருமுறை கோணினால் நிமிராது. பச்சைக் கழுத்தில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நரம்பு பழையதாக இருந்தாலும் அறுகிற வரை அதிலேயே ஆடுங்கள். புதிதாகக் கட்டும் செலவில் இந்த மட்டையே இன்னும் இரண்டு வாங்கிவிடலாம்.