பல் பிடுங்கிய பிள்ளைக்கு எந்த சிரப்? கால்பால் 250-ம் ஐபுஜெசிக்கும்

பால் பல்லைப் பிடுங்கினாலும், ரூட் கெனால் செய்து ஸ்டீல் கேப் மாட்டினாலும், பெரும்பாலும் முதல் நாள் வலிதான் பெரிது. அதற்கு மெடிக்கலில் கிடைப்பவற்றில் முதலில் கை வைக்க வேண்டியது கால்பால் 250: 5 மி.லி.யில் 250 மி.கி. பாராசிட்டமால்.

காரணம் எளிது. கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் 16 கிலோ குழந்தைக்கு 240 மி.கி. வேண்டும். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள 120 பாட்டிலில் அது 10 மி.லி. நாக்கும் உதடும் மரத்துப்போன வாயில் அத்தனை மருந்து தங்காது. பாதி தாடையில் வழியும். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாமல் இன்னொரு முறை ஊற்றிவிடுவார்கள். 250-ல் 4.8 மி.லி.யோடு வேலை முடிந்தது. ஆனால் 120-க்குச் சொன்ன மி.லி. கணக்கை 250-க்குப் போட்டால் மருந்து இரண்டு மடங்காகிவிடும். சீட்டில் மி.கி.யும் எழுதித் தரச் சொல்லுங்கள். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் வேண்டாம்.

கூடவே வரும் மூடிக் கப்புக்கு மதிப்பெண் கிடையாது. கோடுகளுக்கு இடையே கண் மதிப்புதான். ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்ச் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, மரக்காத பக்கக் கன்னத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். குலுக்காவிட்டால் மேலே தண்ணி மருந்து, அடியில் கெட்டி மருந்து.

நேரம்தான் பலரும் தவறவிடுவது. வலி வந்து அழ ஆரம்பித்த பிறகு கொடுத்தால், மருந்து பிடிக்கும்வரை அரை மணி நேரத்துக்கு மேல் அழுகைதான். கீழ்த்தாடை ஊசியின் மரப்பு இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். ஊசி போட்டு ஒரு மணி நேரத்திலேயே முதல் டோஸ் போகட்டும். பாராசிட்டமாலுக்குச் சாப்பாடு தேவையில்லை என்பது இங்கே பெரிய வசதி.

ஐபுஜெசிக் (5 மி.லி.யில் 100 மி.கி. ஐபுப்ரூஃபென்) வீக்கத்தோடு வரும் வலிக்கு இன்னும் நன்றாகக் கேட்கும். கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. வெறும் வயிற்றில் கூடாது. மரப்பு விட்டு, ஆறிய தயிர் சாதம் இறங்கிய பிறகே கொடுங்கள். ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, ரத்தப்போக்கு நோய் உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள். டெங்கு பரவும் மாதங்களில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இதைத் தொடவே வேண்டாம்.

பெயரில் ஒரு கண்ணி உண்டு. ஐபுஜெசிக் பிளஸ் வேறு மருந்து. அதில் பாராசிட்டமாலும் கலந்திருக்கிறது. அதோடு கால்பாலும் கொடுத்தால் ஒரே மருந்து இரண்டு பாட்டிலிலிருந்து போகும். கடையில் "இதுவும் அதுதான்" என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

இரண்டு சிரப்பும் இனிப்பு. கொடுத்ததும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வையுங்கள். பிடுங்கிய அன்று கொப்பளித்துத் துப்பினால் ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். ஸ்ட்ராவும் வேண்டாம். பல்வலி ஜெல்லை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடவ வேண்டாம். ஆஸ்பிரின் எந்தப் பிள்ளைக்கும் ஆகாது.

மறுநாள் உதட்டில் வெள்ளையாகப் புண்ணும் வீக்கமும் தெரிந்தால், பெரும்பாலும் மரத்த உதட்டைக் குழந்தை கடித்துக்கொண்டதுதான். அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. மூன்றாம் நாள் வலி ஏறினாலோ, கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ சிரப்பை நம்பிக் காத்திருக்காமல் பல் மருத்துவரிடம் போங்கள். விழுங்க முடியவில்லை என்றால் நேரே அவசரப் பிரிவு.